கண்ணாடிக் குழாயில் குறுக்கு விசாரணை

ஒட்சிசன் அழுத்த அறையை இயக்குவது பெரிய விஞ்ஞானம் என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணாடிக் குழாய்க்குள் படுத்திருக்கும் ஒருவரை ஒன்றரை மணித்தியாலம் வெளியே இருந்து சமாளிப்பதுதான் வேலை. நோயாளிகளோடு மாரடித்தவர்களுக்கு இது விளங்கும். கொழும்பு வெள்ளவத்தையில் நான் வேலை செய்த அந்தச் சின்ன நிலையத்தை மூடிவிட்டார்கள். காலி வீதி என்ற அந்தப் பெருந்தெருவால் போகும்போது இன்னும் அந்தக் கட்டடத்தைத் திரும்பிப் பார்க்கிறேன். முதலில் நினைவுக்கு வருபவர் சிவகாமி மிஸ்.

வெள்ளிக்கிழமை முழுக்கு

சிவகாமி மிஸ் புதுக்கடை நீதிமன்றத்தில் சட்டத்தரணி. சிறுநீர்ப்பையில் தீராத வலி. அரை மணித்தியாலத்துக்கு ஒருதடவை சிறுநீர் கழிக்க எழும்ப வேண்டும். விசாரணை நடுவில் எழும்பிப் போக வெட்கப்பட்டு, ஒரு வருடமாக நீதிமன்றப் பக்கமே போகவில்லை. இந்தச் சிகிச்சை எல்லோருக்கும் பலன் தராது என்று சொல்லித்தான் டொக்டர் அனுப்பியிருந்தார். ஒரு வழக்கையாவது திரும்ப முழுதாகப் பேசவேண்டும், அதுதான் அவருடைய ஆசை.

முதல் நாள் வெள்ளிக்கிழமை. நல்லெண்ணெய் வைத்து முழுகி, தலை பளபளக்க வந்து நின்றார். ஒட்சிசனுக்குள் எண்ணெய்ப் பசை இருந்தால் நெருப்புப் பிடிக்கலாம் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது, திருப்பி அனுப்பினேன். வாசலில் நின்று சொன்னார்: "எண்ணெய் பூசிக்கொண்டு வராதேங்கோ எண்டுதானே சொன்னீர். நான் முழுகிப்போட்டெல்லோ வந்தனான்."

பத்து நிமிடம்

அடுத்த முறை, உள்ளே போன இருபதாவது நிமிடம் கண்ணாடியில் தட்டினார். அழுத்தத்தை மெல்ல மெல்லத்தான் குறைக்கலாம். திறக்கப் பத்து நிமிடம் ஆகும். முழங்காலை மடக்கிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக் கிடந்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது இன்றைக்கும் மனதை உறுத்துகிறது.

கொட்டாஞ்சேனையில் துணிக்கடை வைத்திருந்த நிசாம் நானா, கால் புண்ணோடு தன் முறைக்குக் காத்திருந்தார். அவர்தான் சொன்னார்: "ஏதாச்சும் பேச்சுக் குடுங்க தங்கச்சி. சும்மா கிடந்தா நோவு மட்டும்தான் நெனவுக்கு வரும்."

சாட்சி

மறுநாள் குழாய்க்குள் கேட்கும் மைக்கில் கேட்டேன், "மிஸ், நான்தான் சாட்சி. விசாரிக்கிறீங்களா?" அவ்வளவுதான். நேற்று எந்த பஸ்ஸில் போனேன், மழை பெய்ததா, பெய்ததென்றால் குடை ஏன் நனையவில்லை என்று என்னைப் பிழிந்து எடுத்துவிட்டார். அன்றைக்கு முப்பத்தைந்து நிமிடம் தாங்கினார். நாளுக்கு நாள் விசாரணை நீண்டது.

ஆறாவது கிழமை ஒருநாள், ஒருதடவைகூடத் தட்டாமல் முழு நேரமும் படுத்திருந்தார். கதவைத் திறந்தேன். அவர் எழும்பவில்லை. "மூடும் தங்கச்சி. சாட்சியை நான் இன்னும் முடிக்கேல்லை."

கறுப்புக் கோட்டு

சிகிச்சை முடிந்து இரண்டு மாதத்தின் பின், ஒரு மத்தியானம் கறுப்புக் கோட்டோடு வந்தார். காலையில் வழக்கு முழுதும் நின்று பேசினாராம். வலி குறைந்ததே தவிர அடியோடு போகவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். பிறகு கதிரையில் சாவகாசமாக அமர்ந்து சிரித்தார்: "இண்டைக்கு முதல் எழும்பிப் போனது நீதவான்தான்."

அத்தனை நாள் சாட்சிக் கூண்டில் நின்ற எனக்கு, இன்றைக்கும் யாராவது நேற்று எங்கே போனாய் என்று கேட்டால், பஸ் இலக்கத்தோடுதான் பதில் வருகிறது.