பதின்மூன்று வயதுக்கு ஒரு ஸ்வெட்டர்

மகளின் பையிலிருந்து நீலக் கம்பளி நூற்கண்டு உருண்டது. சூரமங்கலம் ரயில்வே குடியிருப்பு நினைவுக்கு வந்தது.

அப்போது எனக்கு வயது பதின்மூன்று. ஏற்காட்டுப் பள்ளியில் சேர ஸ்வெட்டர் கட்டாயம். சேலம் கடைகளில் என் அளவில் கிடைக்கவில்லை. அம்மாவின் பின்னல் புத்தகத்திலும் கைக்குழந்தைக்கும் வெள்ளைக்காரத் துரைசானிக்கும் மட்டுமே அளவு இருந்தது. துரைசானி அளவிலேயே ஒரு மாதம் பின்னினாள்.

போட்டுக் காட்டினேன்; வளர்ந்த பெண் போலத் தெரிந்தேன். அப்பாவின் தங்கை சிரித்தாள். "ஏனுங்கண்ணா, இத்தாப்பெரிய பொம்பளைக்குப் பள்ளிக்கூடம் எதுக்குங்க? சீலை எடுத்துக் கட்டிக்குடுங்க."

அப்பா தலையாட்டினார்.

அம்மா ஸ்வெட்டரைக் கழற்றி வாங்கி, நூலைப் பிடித்து இழுத்தாள். ஒரு மாத உழைப்பு முழுவதும் அவிழ்ந்து தரையில் கிடந்தது.

"பத்து நாளு பொறுங்க. புள்ளை அளவுக்கே பின்னித் தாரேன்," என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, கையால் சாண் போட்டு என் முதுகை அளந்தாள்.

பதினோராம் நாள் அதைப் போட்டுக்கொண்டு ஏற்காட்டுக்குப் பஸ் ஏறினேன்.

"எனக்கு எந்த அளவுல பின்னறதும்மா?" என்றாள் மகள், நூற்கண்டை எடுத்துக்கொண்டு.

"திரும்பி நில்லு," என்று சாண் போடக் கையை விரித்தேன்.