தனிப்பட்ட உரையாடல், திருச்சிராப்பள்ளி

என் அக்கா பாக்கியமேரியின் வீட்டுக்காரர் அருள்நாதன் கல்லூரியில் இயற்பியல் வாத்தியார். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் சமாதானமாகப் பிரிந்துவிட்டதால் பாலக்கரையில் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறேன். பிளாஸ்மா பற்றி நான் சொல்வதில் பிழை இருந்தால் அத்தானைக் குறை சொல்ல வேண்டாம்.

நீளமான கண்ணாடிக் குழாயில் காற்றை உறிஞ்சியெடுத்து மின்சாரம் பாய்ச்சினால், மிச்சமிருக்கும் கொஞ்சம் வாயு ரோஸ் நிறத்தில் ஒளிரும். அதுதான் பிளாஸ்மா. அந்த ஒளி வரிவரியாகப் பிரிந்து ஒரு பக்கமாக ஓடும். பக்கத்தில் காந்தத்தை ஒரு குறிப்பிட்ட விதமாக வைத்தால் வரிகள் திரும்பி ஓடும். இதைக் கண்டுபிடித்தவர் அத்தான். எங்கள் வீட்டில் திரும்பி ஓடுவது நான் மட்டும்தான் என்று அக்கா அதுவரை நினைத்திருந்தாள்.

முதல் கட்டுரை 1961-ல் வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தது. அதில் இந்தக் காந்த விஷயம் இல்லை, வெறும் வரிகள்தான். கல்யாணப் பத்திரிகையில் பெரியவர் பேரை முதலில் போடுவதுபோல, துறைத் தலைவர் சவரிநாதன் பேரை முதலில் போட்டார்கள். அடுத்து அத்தானின் சிநேகிதர் கிளமென்ட், கடைசியில் அத்தான். மற்றவர்கள் அதை மேற்கோள் காட்டும்போது முதல் பேரை எழுதிவிட்டு ‘மற்றும் பிறர்’ என்று முடித்துவிடுவார்களாம். பிரதி கேட்டு வெளிநாட்டிலிருந்து வரும் கார்டுகளும் தலைவருக்கே வந்தன. ஸ்டாம்ப் மட்டும் அத்தானுக்கு, அத்தானிடமிருந்து எனக்கு.

“பிறர் எப்படி இருக்கீங்க?” என்று கிளமென்ட் வாசலிலிருந்தே கேட்டுக்கொண்டு வருவார்.

“வாங்க, மற்றும்,” என்பார் அத்தான். இரண்டு பேரும் அதற்கு ஒவ்வொரு முறையும் சிரிப்பார்கள். எனக்கும் கிளமென்ட்டைப் பிடித்துத்தான் இருந்தது.

ஞாயிறு பூசை முடிந்ததும் இருவரும் சைக்கிளில் ஸ்ரீரங்கம் போவார்கள். தீவைத் தாண்டி வடக்கே, கொள்ளிடம் மணலில் உட்கார்ந்து குச்சியால் வரிவரியாகக் கிழித்துப் பேசுவார்கள். ஒருநாள் முறுக்குக்கு ஆசைப்பட்டு நானும் கூடப் போயிருந்தேன். காந்தம் எதனால் வரிகளைத் திருப்புகிறது என்று அத்தான் அன்றைக்குத்தான் முழுதாகச் சொன்னார். கிளமென்ட் முறுக்கைக்கூடத் தொடவில்லை.

“இதுல உன் பேருதான் முதல்ல. இது உன் டாக்டர் பட்டம்டா,” என்றார் அவர்.

அத்தானுக்கு வெட்கம் வந்துவிட்டது. பட்டம் வாங்க, இதுவரை யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். இன்னும் ஒருமுறை அளந்துவிட்டு எழுதலாம் என்றார். அவர் எப்போதும் இன்னும் ஒருமுறை அளக்கிற ஆள். உப்பு போதுமா என்று கேட்டால்கூட இரண்டு தடவை ருசி பார்ப்பார்.

கிளமென்ட்டுக்கு வடக்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை கிடைத்தது. ஜங்ஷனில் ரயிலேற்றிவிட்டு வந்த அத்தான் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த வருஷம் கப்பலில் வந்த பத்திரிகையில் காந்தமும் திரும்பி ஓடும் வரிகளும் இருந்தன. மேலே ஒரே பேர், கிளமென்ட். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி. அத்தானே எனக்குத் தமிழில் சொன்னார்: “அருள்நாதன், தனிப்பட்ட உரையாடல், திருச்சிராப்பள்ளி.” சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனார். அவர் எழுதிக்கொண்டிருந்த ஆய்வேட்டில் புதிதாக எதுவும் இல்லை என்று பல்கலைக்கழகம் பிறகு சொல்லிவிட்டது.

போன கிறிஸ்துமஸுக்குக் கிளமென்ட் கேக்கோடு வந்தார். வாசலில் ‘பிறர்’ என்று கூப்பிடவில்லை. அக்கா இலை போட்டாள். குழம்பை மட்டும் தூரத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அங்கே மேலதிகாரி அவசரப்படுத்தியது, அடுத்த கட்டுரையில் சரிசெய்துவிடப்போவது என்று அவர் நிறையப் பேசினார். அத்தான் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“உன் பேரைப் போடாம விடலையேடா, அருளு.”

“எங்க பேசினோம்?” என்றார் அத்தான்.

“என்னது?”

“அந்த உரையாடல். எங்க வச்சுப் பேசினோம்?”

கிளமென்ட் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். “லேப்லதானே?” என்றார்.

அத்தான் இலையை மடித்தார். “ஸ்ரீரங்கத்துல. கொள்ளிடம் மணல்ல. அதையாவது சரியாப் போட்டிருக்கலாம்.”

அதற்குள் நான் வாசலில் நின்ற கிளமென்ட்டின் சைக்கிளுக்கு வேண்டியதைச் செய்திருந்தேன், இரண்டு சக்கரத்துக்கும். தெருவில் யாருக்குக் காற்றுப் போனாலும் பம்பை எடுத்துக்கொண்டு ஓடுகிற முதல் ஆள் அத்தான்தான். அன்று வாசலில் நின்று, சிநேகிதர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெயிலில் போவதைத் தெருமுனை வரை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

பம்பு கதவுக்குப் பின்னால்தான் இருந்தது.