வெள்ளைச் சேற்றுக்கு ஒத்திகை

என் சித்தப்பா மகனுக்குக் கனடா போகும் வாய்ப்பு கிடைத்தபோது நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். அது பொய்யும் இல்லை. வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அவனும் நானும் ஒரே களத்தைச் சுற்றியிருந்த இரண்டு வீடுகளில் வளர்ந்தவர்கள். அவன் என்னைவிட ஒரு வயது இளையவன். பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டுவிட்டு மாட்டையும் மண்ணையும் பிடித்துக்கொண்டான். நான் தருமபுரியில் பி.ஏ. இங்கிலீஷ் முடித்துவிட்டு, ஒரு டுட்டோரியலில், பரீட்சையில் தோற்றவர்களுக்கு அதே இங்கிலீஷைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில்தான் கனடாவிலிருந்து ஒரு சபையார் எங்கள் பங்குச் சாமியாருக்கு எழுதினார்கள். விவசாயக் குடும்பத்து இளைஞன் ஒருவனை அனுப்பினால், குளிர்காலம் முழுக்கத் தங்கள் ஊர்ப் பால்பண்ணை ஒன்றில் தங்க வைத்து வேலை கற்றுக்கொடுப்பார்களாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாமியார் அதை வாசித்தபோதே, அந்த இடம் எனக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டேன். எங்கள் பங்கில் இங்கிலீஷில் நாலு வாக்கியம் தப்பில்லாமல் பேசத் தெரிந்தவன் வேறு யார்?

சாமியார் அவன் பெயரை எழுதி அனுப்பினார். மனசு கேட்காமல் நானே போய் ஏன் என்று கேட்டுவிட்டேன்.

"நீ நல்லா பேசறே தம்பி. அவங்க கேட்டிருக்கறது மாடு கறக்கறவனை" என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, யாரும் சொல்லாமலே எங்கள் எருமையிடம் செம்போடு உட்கார்ந்தேன். அது ஒரே உதையில் செம்பைக் களத்துக்கு அனுப்பியது. எருமைக்குக்கூட அவன்தான் வேண்டியிருந்தது.

கனடாக்காரர்களின் கடிதம் புரட்டாசி பிறந்து வந்தது. நாலு பக்கம், டைப் அடித்தது. அதை எடுத்துக்கொண்டு அவன் நேராக என்னிடம்தான் வந்தான். வேறு யாரிடம் போவான்? போகப்போகிறவனுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, படிக்கத் தெரிந்தவனுக்குப் போக முடியாது. இந்த நியாயத்தை நினைத்து நினைத்துப் பல்லைக் கடித்தபடியே கடிதத்தைப் பிரித்தேன்.

அவன் வந்து இறங்கிய மூன்றாவது வாரம், ஒரு சனிக்கிழமை, அவனை ஸ்னோமொபைல் ஓட்டக் கூட்டிப்போகத் திட்டம் போட்டிருக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். கூடவே ஒரு போட்டோ. மோட்டார் சைக்கிள் மாதிரி சீட்டு, ஹேண்டில்பார். ஆனால் சக்கரம் இல்லை. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், அடியில் அகலமான ரப்பர் பட்டை. சுற்றிலும் ஒரு செடி கொடி இல்லாமல் வெள்ளை வெளேர் என்று நிலம். அவன் போட்டோவை மேலும் கீழும் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் மாட்டை எங்கே கட்டுவார்கள் என்று கேட்டான். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அவன் சிரித்துக்கொண்டே கேட்டது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கடிதத்தின் கடைசிப் பக்கம் ஒரு பட்டியல். சூடான நாட்டிலிருந்து வருகிறவன், முதல்தடவை ஓட்டப்போகிறவன் என்பதால், தெரிந்துகொள்ள வேண்டியவை பதினான்கு என்று நம்பர் போட்டு எழுதியிருந்தார்கள். உடம்போடு ஒட்டிப் பருத்தித் துணி போடக்கூடாது, வியர்வையில் நனைந்தால் அதுவே குளிரில் கொன்றுவிடும், கம்பளிதான் வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று அடுக்கு. ஹெல்மெட்டைக் கழற்றக்கூடாது. வண்டியின் வேகம் வலது கட்டைவிரலால் அழுத்தும் ஒரு சின்ன நெம்புகோலில் இருக்கிறது, மெதுவாக அழுத்த வேண்டும். உறைந்த ஏரிமேல் கேட்காமல் போகக்கூடாது. கடைசியாக, குளிர் உடுப்பும் பூட்சும் அவர்களே வாங்கி வைக்க, உயரம், எடை, பாதத்தின் அளவு எல்லாம் அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

பழைய காலண்டர் தாளைத் திண்ணையில் விரித்து அவன் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்தது நான்தான். சேற்றிலேயே வளர்ந்த பாதம், விரல்கள் விசிறிபோல் விரிந்திருந்தன. இந்தக் காலுக்குக் கனடாவில் பூட்சு தேடி நாலு கடை ஏறி இறங்கப்போகிறார்கள் என்று நினைத்தபோது எனக்கு எரிந்த எரிச்சல் கொஞ்சநஞ்சம் இல்லை.

"ஒண்ணுகூட வுடாம எழுதிக் குடுண்ணா. நான் அங்க போய் யாரைக் கேப்பேன்?" என்றான்.

நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தமிழில் எழுத ஆரம்பித்தேன். பத்து வரை ஒழுங்காக எழுதினேன். பதினோராவது, வண்டி திரும்பும்போதோ சாயும்போதோ எக்காரணம் கொண்டும் காலை வெளியே நீட்டித் தரையில் ஊன்றாதே, இரண்டு பாதமும் வண்டியில் கால் வைக்கும் பலகைமேலேயே இருக்கட்டும், என்று இருந்தது. ஊன்றாதே என்ற வார்த்தைக்கு அடியில் இரண்டு கோடு வேறு.

அதைப் படித்ததும் என் பேனா நின்றது. காரணம் உண்டு. எங்கள் பக்கம் நாற்று நடுமுன் உழுத சேற்றைச் சமன்செய்யப் பரம்பு அடிப்பார்கள். நீளமான பலகையை இரண்டு மாடுகள் இழுக்கும், அதன்மேல் ஆள் நின்றுகொண்டு போவான். சறுக்கிக்கொண்டு போகும் பலகையில் நிற்பதே வித்தை. வயல் மூலையில் திருப்பும்போது பலகை ஒரு பக்கம் சாயும். அப்போது அந்தப் பக்கத்துக் காலைச் சேற்றில் ஊன்றி, அதையே ஆணியாக வைத்துப் பலகையைச் சுழற்றித் திருப்ப வேண்டும். அதை அவனைப்போலச் செய்ய எங்கள் ஏரிப் பாசனத்தில் ஆள் இல்லை. அவன் கால் யோசிக்காமல் தானாகவே நீளும். கனடாக்காரர்கள் என்னமோ அவனைப் பார்த்துவிட்டு எழுதியதுபோல எழுதியிருந்தார்கள்.

பதினொன்றை விட்டுவிட்டுப் பன்னிரண்டை எழுதினேன். அதற்குப் பதினொன்று என்று நம்பர் போட்டேன். என் பட்டியல் பதின்மூன்றில் முடிந்தது.

எனக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்று இப்போது சொன்னால் நம்பாதீர்கள். அவன் ஒருதடவை குப்புற விழ வேண்டும், அந்த வெள்ளைக்காரர்கள் எதிரில், வாயெல்லாம் பனியோடு. மாடு கறக்கிறவனை அனுப்பினால் இப்படித்தான் என்று சாமியாருக்கு ஒரு கடிதம் வர வேண்டும். அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது. இங்கிலீஷ் கடிதத்தை, பத்திரமாக இருக்கட்டும் என்று நானே வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு வீட்டிலும் இந்தப் பயணத்தைத் தவிர வேறு பேச்சு இல்லை. எங்களில் யாரும் பனியைப் பார்த்ததில்லை. அதிகபட்சக் குளிர் என்றால் மார்கழியில் ஏற்காடு. சித்தப்பா அவனைத் தருமபுரி ஐஸ் பேக்டரிக்குக் கூட்டிக்கொண்டுபோய், ஐஸ் பாளத்தின்மேல் உள்ளங்கையை வைக்கச் சொல்லி, எவ்வளவு நேரம் தாங்குகிறான் என்று எண்ணினார். சின்னம்மா, பெங்களூரில் வேலை செய்யும் தன் தம்பியிடம் சொல்லி இரண்டு கம்பளி பனியன் வரவழைத்தாள். அவன் கட்டைவிரலுக்குப் பழக்கம் வேண்டும் என்று, சும்மா உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் மண்வெட்டிக் காம்பை அழுத்திக்கொண்டிருந்தான். ஊரே அவனைச் சுற்றி வந்தது. எனக்கு இருந்த மரியாதை ஒன்றே ஒன்று. நோட்டு எழுதிக்கொடுத்தவன்.

ஐப்பசி மழையில் ஏரி நிறைந்து, வயலில் சேறு கூடியதும் சித்தப்பாவுக்கு யோசனை பிறந்தது. சறுக்குகிற வண்டிக்குச் சறுக்குகிற பலகையைவிடப் பெரிய பள்ளிக்கூடம் எது?

"அது வெள்ளைச் சேறு, இது கருப்புச் சேறு. அவ்ளோதான்டா வித்தியாசம்" என்றார்.

யாரிடமோ ஹெல்மெட் இரவல் வாங்கி, இரண்டு கம்பளி பனியனையும் மாட்டிவிட்டு, அந்தப் புழுக்கத்தில் அவனைப் பரம்புப் பலகையில் ஏற்றினார்கள். வரப்பு முழுக்க ஆட்கள். மாடுகளை ஓடவிட்டார்கள். சேறு இரண்டு பக்கமும் தெறிக்க, முதல் மூலைக்கு வந்தவன் இடது காலை நீட்டி ஊன்றி ஒரு சுழற்று சுழற்றினான். ஆட்கள் விசிலடித்தார்கள். அடுத்த மூலையில் இன்னும் வேகம், இன்னும் தாராளமாக நீண்ட கால். அப்படித்தான், காலை நல்லா ஊனு என்று சித்தப்பா வரப்பிலிருந்து கத்தினார்.

பத்து நாளைக்குமேல் அந்த ஒத்திகை நடந்தது. அவன் கால் தப்பை நன்றாகக் கற்றுக்கொண்டது. நான் தினமும் வரப்பில் நின்று பார்த்தேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு நாளும் சொல்லலாம் என்றுதான் போவேன். அங்கே அவனுக்கு விழும் விசிலைக் கேட்டதும் வாய் ஒட்டிக்கொள்ளும். இப்போது சொன்னால் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பார்களே என்ற பயமும் சேர்ந்துகொண்டது. பொறாமைக்காரனுக்குச் சாக்குக்கா பஞ்சம்.

கிளம்புகிற அன்று மத்தியானம் பெட்டியைக் கட்டிவிட்டு, நோட்டோடு என் அறைக்கு வந்தான். பதின்மூன்றையும் மனப்பாடமாக ஒப்பித்தான், டுட்டோரியலில் என் பிள்ளைகள்கூட அப்படி ஒப்பித்ததில்லை. ஒப்பித்து முடித்துவிட்டுக் கேட்டான்.

"வேற ஏதாச்சும் இருக்காண்ணா? கடுதாசிய ஒருக்கா பாரேன்."

கடிதம் நான் உட்கார்ந்திருந்த மேஜை டிராயரில்தான் இருந்தது.

"எல்லாம் அதுலயே இருக்குடா. போயிட்டு வா" என்றேன்.

வாசலில் சின்னம்மா அவன் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினாள். மெட்ராஸ் போகும் பஸ்ஸில் ஏறியவன் கடைசிவரை எனக்குத்தான் கையாட்டினான்.

தை முடியும் சமயத்தில் என் பெயருக்கு ஒரு கவர் வந்தது. அதே டைப் எழுத்து. தபால்காரர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு சின்னம்மாதான் ஓடி வந்தாள், பின்னால் சித்தப்பா. நின்றபடியே படித்தேன். வயல் ஓரத்தில் திருப்பும்போது அவன் இடது காலை ஊன்றியிருக்கிறான். வண்டி காலின்மேல் சாய்ந்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து ஆபரேஷன் செய்து கம்பி வைத்திருக்கிறார்கள். நடப்பான், ஆனால் பழையபடி நடப்பானா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. கீழே அவன் தங்கியிருந்த பண்ணை வீட்டுக்காரர் எழுதியிருந்தார். எங்கள் பட்டியலில் எழுதியிருந்தோமே என்று அவனிடம் கேட்டோம். என் அண்ணன் எல்லாவற்றையும் எழுதிக்கொடுத்தான், மறந்தது நான்தான் என்று தட்டுத்தடுமாறிச் சொல்கிறான். உங்களைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லச் சொன்னான்.

"என்ன கண்ணு போட்டிருக்குது?" என்றாள் சின்னம்மா.

பனியில் சறுக்கி விழுந்துவிட்டான், காலில் முறிவு, நல்ல ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கிறார்கள் என்று தமிழில் சொன்னேன். கடைசி வரிகளைச் சொல்லவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அவள் அழுதாள். அழுது ஓய்ந்தபிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்தாள்.

"நீ போயிருந்தா இப்படி ஆயிருக்காதுப்பா. நீ படிச்சவன், சூதானமானவன். உன்னையத்தான் அனுப்பியிருக்கோணும்."

சித்தப்பாவும் ஆமாம் என்று தலையாட்டினார். ஆறு மாதமாக யாராவது ஒருவர் அதைச் சொல்ல மாட்டார்களா என்றுதான் நான் காத்துக்கொண்டிருந்தேன்.