மூன்றாம் ஓலைக்கு எழுந்தவள்

ராஜபாளையத்தில் பஞ்சு மில்லுக்கு அஸ்திவாரம் தோண்டிய வருஷம் அமிர்தவல்லிக்கு வயது முப்பத்திரண்டு. புருஷன் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகுட்டி இல்லை. ஒரு ஓட்டு வீடு, பின்னால் ஒரு தொழுவம், அதில் இரண்டு எருமை. காலையில் பாலைக் கறந்து ஊற்றிவிட்டு வந்தால் அன்றைக்கு யார் முகத்திலும் விழிக்கவேண்டிய அவசியம் அவளுக்குக் கிடையாது. இந்தச் சவுகரியம் அவள் அண்ணன் சின்னத்துரையின் கண்ணை உறுத்தியது. அவன் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். தங்கை தனியாக இருப்பது குடும்பத்துக்கு மரியாதை இல்லை என்பான். தங்கையின் எருமைப் பாலை ஓசியில் வாங்கிக் குடிப்பதில் மட்டும் மரியாதைக்கு ஒரு குறைச்சலும் வரவில்லை.

அவன் பிடித்துக்கொண்டு வந்த மாப்பிள்ளை வேதசிரோமணி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. பெண்டாட்டியை இழந்தவர். வேகாத வெயிலிலும் கறுப்புக் கோட்டைக் கழற்ற மாட்டார். கோட்டின் ஒரு பையில் பழைய செப்புக் காசுகளை முடிந்த துணி. இன்னொரு பையில் சின்னத் தகர டப்பா.

கல்யாணத்துக்கு முன்னால் இருவரும் பேசிப் பழகட்டும் என்று பாதிரியார் சொல்லியிருந்தார். அதனால் சனிக்கிழமைதோறும் வேதசிரோமணி பஸ் ஏறி வந்துவிடுவார். சின்னத்துரையின் பெண்டாட்டி அன்னாள் காவலுக்கு உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவுவாள். வருகிறவர் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து திரட்டுப்பால் வாங்கி வருவார். அதைப் பிரித்து நடுவில் வைப்பார். பேசிக்கொண்டே முக்கால்வாசியைத் தானே தின்றுவிட்டு, கை கழுவத் தண்ணீர் கேட்பார். இதுதான் பழகுகிற லட்சணம் என்றால் எருமையோடு பழகலாம், அது தின்றதற்குப் பாலாவது தரும் என்று அமிர்தவல்லி நினைத்தாள்.

பேச்சு முழுக்கச் செத்துப்போன ராஜாக்களைப் பற்றித்தான். துணி முடிச்சை அவிழ்த்துக் காசுகளைப் பரப்புவார். இது நாயக்கர் காலத்தது, இது டச்சுக்காரன் அடித்தது, இது யார் அடித்தது என்று யாருக்குமே தெரியாது, அதனால் இதற்கு விலையே இல்லை என்பார். கான்சாபுரத்தில் உழவில் கிடைத்த பீரங்கிக்குண்டு ஒன்று வீட்டில் இருப்பதாகச் சொன்னார். ஊரெல்லாம் மில்லில் ஷேர் வாங்க அலைந்துகொண்டிருக்க, இவர் மட்டும் மில்லுக்குத் தோண்டின மண்ணில் பழைய பானை ஓடு பொறுக்கிக்கொண்டிருந்தார். பணம் வரும் போகும், சரித்திரம் வளரும் என்றார்.

"இந்தக் காசைக் கொண்டுபோய்க் குடுத்தா கடைக்காரன் ஒரு படி பருத்திக்கொட்டை குடுப்பானா?" என்று அமிர்தவல்லி கேட்டாள்.

அன்னாள் கீரைக்குள் முகத்தைக் கவிழ்த்துச் சிரித்தாள். வேதசிரோமணி பொருட்படுத்தவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு எருமைகளை விற்றுவிடலாம், தொழுவத்துக்குச் சுண்ணாம்பு அடித்துத் தன்னுடைய சாமான்களையெல்லாம் அங்கே அடுக்கலாம், வெள்ளைக்கார கலெக்டர்கூட வந்து பார்ப்பார் என்று திட்டம் சொன்னார். சொன்ன வாயோடு, குடிக்க இன்னொரு லோட்டா பால் கேட்டார்.

அமிர்தவல்லி அந்தத் தகர டப்பாவை முதல் சனிக்கிழமையே கவனித்திருந்தாள். மிளகளவு கறுப்பு உருண்டை ஒன்றை எடுத்து நாக்கடியில் ஒதுக்குவார். செத்த நேரத்தில் கண்மணி கடுகாகச் சுருங்கும், மூக்கை ஓயாமல் சொறிவார். அபினி. அவளுக்கு அது புதிதல்ல. புருஷன் சோலைராஜ் ரங்கூனுக்குப் போய்ச் சம்பாதித்துக் கொண்டுவந்த ஒரே சொத்து அதுதான். அபினி தின்கிறவனுக்கு இனிப்பு வேண்டும், பால் வேண்டும், வேலை மட்டும் வேண்டாம். வேளைக்கு உருண்டை கிடைக்காவிட்டால் கொட்டாவி மேல் கொட்டாவி வரும், கண்ணிலும் மூக்கிலும் தண்ணீராக ஊற்றும். சோலைராஜ் ஒருதரம் விட்டுவிடுகிறேன் என்று கிளம்பி, வயிறு பிடுங்கிக்கொண்டு தரையில் உருண்டதையும், விடிந்ததும் சர்க்கார் அபினிக் கடைக்கு ஓடினதையும் அவள் பார்த்திருக்கிறாள். ஒன்பது வருஷம் அந்த உடம்புக்குப் பால் காய்ச்சி ஊற்றினவள் அவள். இன்னொரு உடம்புக்குக் காய்ச்ச அவளுக்கு மனசில்லை.

அண்ணனிடம் நேராகவே சொன்னாள். அவர் அபினியை விட்டால் யோசிப்பேன், இல்லாவிட்டால் பேச்சே வேண்டாம். விடவே மாட்டார் என்ற தைரியத்தில் சொன்ன வார்த்தை அது. அதுவே அவளுக்கு வினையாக வந்தது.

அந்த மாதம் சர்ச்சில் எழுப்புதல் கூட்டம் நடந்தது. வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் மாலையில் பிடித்தவர் இருட்டியும் விடவில்லை. முன்வரிசையில் சின்னத்துரைக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்ட வேதசிரோமணிக்கு எழுந்து வெளியே போக வழியில்லை. எல்லோர் முன்னாலும் டப்பாவைத் திறக்கவும் முடியவில்லை. முதலில் கொட்டாவி விட்டார். பிறகு உடம்பு நடுங்கியது. பிறகு கண்ணிலிருந்து தாரை தாரையாக ஊற்ற ஆரம்பித்தது. பிரசங்கியார் அதைப் பார்த்துவிட்டார். ஆவியானவர் இந்தச் சகோதரனைத் தொட்டுவிட்டார் என்று சத்தம் போட்டார். சபை முழுக்க முழங்காலில் நின்றது. இரண்டு பேர் அவரைத் தூக்கி நிறுத்த, பாவத்தை அறிக்கையிடச் சொன்னார்கள். எதையாவது சொல்லித் தப்பித்தால் போதும் என்றிருந்தவர், அபினியை இந்த நிமிஷமே விட்டேன் என்று அழுதார்.

பெண்கள் பக்கத்தில் அமிர்தவல்லி ஒருத்திதான் கண்ணைத் துடைக்காமல் இருந்தாள்.

மறுநாள் சின்னத்துரை துள்ளிக்கொண்டு வந்தான். "ஏட்டி, நீ கேட்டதை ஆண்டவரே நடத்திட்டாரு. இனி என்ன சாக்கு சொல்லப் போற?"

"ஆண்டவர் நடத்தலைண்ணே. வேளை தவறிட்டு, அம்புட்டுதான்."

அவன் காதில் வாங்கவில்லை. அடுத்த சனிக்கிழமை வேதசிரோமணி வந்தார். விட்டவன் படுகிற பாடு ஒன்றும் அவர் முகத்தில் இல்லை. கண்மணி அதே கடுகு. பால் கேட்டார், சர்க்கரை தூக்கலாக. அதைச் சொன்னால், பரிசுத்தவானைப் பழிக்கிறாள் என்றாள் அன்னாள்.

சின்னத்துரை தங்கையிடம் கேட்காமலே பாதிரியாரிடம் பெயரைக் கொடுத்துவிட்டான். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு மணமக்கள் பெயரைச் சபையில் வாசித்து, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்பது வழக்கம். ஓலை வாசிப்பது என்பார்கள். முதல் ஓலையில் தன் பெயர் வந்தபோது அமிர்தவல்லி தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்திலிருந்தவர்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். வெட்கப்படுகிறாளாம். அன்று சாயங்காலம் அண்ணனோடு தொண்டை கட்டும்வரை சண்டை போட்டாள். கொடுத்த வார்த்தையை மீறினால் என் வாசப்படி மிதிக்காதே என்றான் அவன். இரண்டாம் ஓலையும் ஆயிற்று. ஊரோடும் உடன்பிறப்போடும் முறித்துக்கொண்டு தனியாகக் காலம் தள்ள முடியுமா என்ற யோசனையில் அவள் வாயைத் திறக்கவில்லை.

அந்த வாயைத் திறக்கவைத்தது ஒரு மாட்டுவண்டி. இரண்டாம் ஓலைக்கு மறுநாள் வேதசிரோமணி அனுப்பிவைத்த முதல் சாமான் வந்து இறங்கியது. ஆள் உட்காரும் உயரத்துக்கு ஒரு முதுமக்கள் தாழி. அந்தக் காலத்தில் செத்தவர்களை வைத்துப் புதைத்த பானை. அடியில் மண்ணோடு நாலு எலும்புத் துண்டுகூடக் கிடந்தது. வண்டிக்காரன் இளைய எருமையை அவிழ்த்து வெயிலில் கட்டிவிட்டு, அது நின்ற இடத்தில் தாழியை வைத்துவிட்டுப் போனான். வெயிலில் நின்றுகொண்டு எருமை அவளைப் பார்த்தது. அமிர்தவல்லி அதை அவிழ்த்து வேப்பமரத்து நிழலுக்குக் கொண்டுபோனாள்.

மூன்றாம் ஞாயிறு. வேதசிரோமணியும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஓலையை வாசித்துவிட்டு, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று பாதிரியார் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. அடுத்த பாட்டு நம்பரைச் சொல்ல வாயெடுத்தார்.

"உண்டுய்யா," என்று அமிர்தவல்லி எழுந்து நின்றாள்.

பாதிரியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பெண்ணே எழுந்து ஆட்சேபணை சொன்னால் என்ன செய்வது என்று அவர் எங்கும் படித்திருக்கவில்லை.

"கல்யாணப் பொண்ணு நீதானேம்மா. நீ எப்படி ஆட்சேபணை சொல்ல முடியும்?"

"எம் பேரைத்தான வாசிக்கீங்க. வேற யாரு சொல்ல?"

காரணம் கேட்டார். அவள் சுற்றி வளைக்கவில்லை. "அவிய அன்னைக்கு அழுதது ஆண்டவருக்காக இல்லைய்யா, அபினிக்காக. இன்னும் விடல. கோட்டுப் பையில கையை விட்டுப் பாருங்க."

ஒருவரும் கையை விடவில்லை. வேதசிரோமணி எழுந்து, இந்தச் சகோதரிக்காக ஜெபித்துவிட்டு வருகிறேன் என்று உருக்கமாகச் சொல்லி, சர்ச்சுக்குப் பின்பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில் மூக்கைச் சொறிந்தபடி சாந்தமாகத் திரும்பினார். அந்தச் சாந்தத்தைப் பார்த்துச் சபையே உருகியது. அவள் சொன்னதை ஒரு ஜீவனும் நம்பவில்லை. ஆனாலும், பெண் சபை நடுவில் மாட்டேன் என்ற பிறகு பாதிரியாருக்கு வேறு வழியில்லை. ஓலைத் தாளை மடித்து வேதப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.

சின்னத்துரை சொன்னபடியே வாசப்படியை அடைத்தான். அன்னாள் மட்டும் ஒரு மாதம் பொறுத்துப் பின்வாசல் வழியாகப் பாலுக்கு வந்தாள். இந்தத் தடவை காசு கொடுத்து வாங்கினாள். வேதசிரோமணிக்கு ஒரு குறையும் வரவில்லை. பெண்ணால் நிந்திக்கப்பட்ட பரிசுத்தவான் என்று பெயர் பரவி, கூட்டத்துக்குக் கூட்டம் தான் மனந்திரும்பிய கதையைச் சாட்சியாகச் சொல்லப் போனார். அழவேண்டிய நாளில் டப்பாவை வீட்டில் வைத்துவிட்டுப் போவார்போல. வத்திராயிருப்புப் பக்கம் நிலபுலன் உள்ள ஒருத்தி அவரைக் கட்டிக்கொண்டாள்.

தாழி தொழுவத்திலேயே கிடந்தது. அமிர்தவல்லி எலும்புகளை முருங்கைக்கு அடியில் புதைத்தாள். தாழியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, பருத்திக்கொட்டை ஊறவைக்க வைத்துக்கொண்டாள். விரிசல் இல்லாத நல்ல பானை. செய்தவன் தொழில் தெரிந்தவன்.

ஒருநாள் அதைக் கேட்டு வேதசிரோமணியின் புது மைத்துனன் வண்டியோடு வந்தான். எருமை அதில் வாயை விட்டுத் தின்றுகொண்டிருந்தது. சரித்திரச் சாமானில் மாட்டுத்தீனியா என்று முகத்தைச் சுளித்தான்.

"தாராளமா தூக்கிட்டுப் போங்க," என்றாள் அமிர்தவல்லி. "எருமை தின்னு முடிக்கட்டும். நடுவுல எடுத்தா முட்டும்."

அவன் கொம்பைப் பார்த்தான். வண்டியைத் திருப்பிக்கொண்டான்.