பெயரில்லாத ஆண் குழந்தை

நான் இருக்கும் இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் சனிக்கிழமை காலை நூலகத்துக்குப் போனால், வயதானவர்கள் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து செத்துப்போன சொந்தக்காரர்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள். பிறப்புப் பதிவு அட்டவணையில் ஒரு கொள்ளுத்தாத்தா அகப்பட்டுவிட்டால் டீ, கேக், கைதட்டல். பங்காளி என்றாலே கோர்ட்டும் வெட்டுக்குத்தும் என்று வளர்ந்தவன் நான். இருக்கிற பங்காளிகள் போதாதென்று இன்னும் நாலு பேரைத் தேடிப் பிடிக்கிறார்களே, இவர்களுக்கு என்ன கேடு என்று நினைத்தேன். ஆனாலும் தேடும் வித்தையைக் கற்றுக்கொள்ள நானும் போய் உட்கார்ந்தேன். எனக்கு என் பெரியப்பாவைப் பழிவாங்க வேண்டியிருந்தது.

அப்பா சண்முகவேல் தூத்துக்குடியிலிருந்து சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனவர். திருச்செந்தூரில் நாலு பேருக்கு முன்னால் அம்மாவுக்குத் தாலி கட்டினார். எனக்கு இரண்டு வயதாகும்போது கடலிலேயே போய்ச் சேர்ந்தார். அவர் உயிரோடிருந்தவரை அண்ணன் தம்பிக்குள் ஒரு குறையும் இல்லை. அவர் போனதும் வீட்டுப் பங்கு பெரியப்பாவின் கண்ணை உறுத்தியது. அடுத்த வருஷம் குலசேகரன்பட்டினம் பக்கத்திலுள்ள எங்கள் குலதெய்வக் கோயிலில் கொடை விழா. பங்காளிகள் வீட்டுக்கு வீடு வரி கட்ட வேண்டும். அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வரியை நீட்டினாள். பெரியப்பா வாங்கவில்லை. "எந் தம்பிக்குக் கல்யாணமே ஆவல. இது யாரு பிள்ளையோ, அங்கன கொண்டு போ" என்றார், அத்தனை சனத்துக்கு முன்னால். எங்கள் பக்கம் வரி வாங்காவிட்டால் நீ எங்கள் ரத்தமில்லை என்று அர்த்தம். அம்மா அதற்குப் பிறகு அந்தக் கோயில் இருக்கும் திசைக்கே போகவில்லை.

பிறப்புச் சான்றிதழ் கிடைத்தால் அவர் முகத்தில் விட்டெறியலாம் என்று இரண்டு விடுமுறைகளில், நான் பிறந்த சாயர்புரம் பக்கம் ஆபீஸ் ஆபீசாக அலைந்தேன். "அப்படி ஒரு பேரே இல்ல சார்" என்றார்கள். இது பெரியப்பா காதுக்கும் எட்டி, "நான் அப்பவே சொன்னேம்லா" என்று கடைத்தெருவில் சிரித்தாராம்.

நூலகத்தில் பழக்கமான ராய், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஒருநாள் அட்டவணையில் ஒரு வரியைக் காட்டினார். குடும்பப் பெயர் இருந்தது, குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஆண்' என்று மட்டும் இருந்தது. பெயர் வைப்பதற்கு முன்பே பதிந்துவிட்டார்கள் என்றார். அட, நம்மூரிலும் இதே கூத்துத்தானே! பிறந்ததும் பதிவார்கள், அப்புறம் பெயரைப் போய்ச் சேர்க்க யாருக்கு நேரம்? இத்தனை காலமும் நான் என் பெயரையல்லவா தேடச் சொல்லியிருக்கிறேன்!

இந்த வருஷக் கொடைக்கு முன்னால் ஊருக்குப் போய், அப்பா பெயரில் தேடச் சொன்னேன். கிடைத்தது. ஆண் குழந்தை. தந்தை சண்முகவேல், தாய் செல்வக்கனி. தகவல் கொடுத்தவர், குழந்தையின் பெரியப்பா. அப்பா அப்போது கப்பலில், அம்மா பெற்றுப் படுத்திருந்தாள். ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டது இந்த மகராசன்தான்! நகலைப் படமெடுத்து ராய்க்கு அனுப்பினேன். "அருமை! தொலைந்த பெரியப்பா கிடைத்துவிட்டார், கட்டிப்பிடித்துக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தது. அடப்பாவி மனுசா!

கொடையன்று கோயில் வாசலில், கல்யாணத்துக்கு வைப்பதுபோல் பெரிய பிளெக்ஸ் கட்டினேன். முழுப் பதிவும் அதில் இருந்தது. கையெழுத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். மேலே, 'என் பிறப்பைப் பதிவு செய்த பெரியப்பாவுக்கு நன்றி.' சனம் மொய்த்துக்கொண்டு படித்தது. பெரியப்பா கம்பை ஊன்றிக்கொண்டு வந்து பார்த்தார். முகம் செத்துப்போயிற்று.

"ஏலே, அவுத்து எறிலே. வரியக் குடு, வாங்கிக்கிடுதேன்."

"வாங்குனா மட்டும் போதாது. எங்க அம்மை பேரச் சொல்லி மைக்ல வாசிங்க."

அவர் மைக்கைக் கையில் வாங்கியதை நான் நின்று ரசித்தேன். பொய் சொல்ல மாட்டேன், அவ்வளவு ருசியாக இருந்தது.

"சண்முகவேல், செல்வக்கனி தம்பதியர் மகன், லண்டன்ல இருந்து வந்திருக்க நம்ம விருந்தாளி..." என்று வாசித்தார்.

நான் வம்படியாகக் கூட்டிவந்திருந்த அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். "இன்னொரு மட்டம் வாசிக்கச் சொல்லுலே" என்றாள். அவள் காதில் விழுந்தது அவள் பெயர் மட்டும்தான். பங்காளிகள் எல்லாரும் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். விருந்தாளிக்கென்று யாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்கள். மணலில் எனக்கென்று ஒருவரும் நகர்ந்து இடம் விடவில்லை. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.