ஒடுக்கு விழுந்த குடம்

மணமேல்குடிக்குப் போகும் வழியில், ஒரு சந்தையில் பழம்பொருள் தேடி நின்றேன். வியாபாரி பித்தளைக் குடமொன்றைத் தட்டிக் காட்டினார். "நூறு வருசப் பழசுங்க. ஒடுக்கப் பாருங்க."

அந்த ஓசையில் எங்கள் ஊர்த் தெருக்குழாய் நினைவுக்கு வந்தது. அப்போது எனக்கு எட்டு வயது. "ஒங்க தெருக்காரவுக கடைசியாப் புடிங்க" என்று ஒருவர், வரிசையில் முதலாவதாக இருந்த அம்மாவின் குடத்தை எட்டி உதைத்தார். அது கல்லில் மோதி ஒடுங்கியது. அம்மா அதை எடுத்துவந்து அதே இடத்தில் வைத்து, நிறையும்வரை அவர் முகத்தையே பார்த்து நின்றாள்.

வீட்டில் அப்பா ஒடுக்கெடுக்கக் கிளம்பினார்.

"வேணாங்க. இப்படியேதான் கொண்டுபோவேன். அந்தாளு தெனமும் பாக்கட்டும்."

மறுநாள் ஒடுக்கு வெளியே தெரியும்படி இடுப்பில் வைத்து நடந்தாள்.

"இது சுத்தியல்ல தட்டுன ஒடுக்குங்க. நெசமானது எங்க வீட்ல இருக்கு" என்றேன் வியாபாரியிடம்.

"குடுங்க, நல்ல வெல தாரேன்."

"முடியாதுங்க. அதுலதான் இன்னமும் தண்ணி புடிக்கிறோம்."