மூன்று கூறு போட்ட பேனல்

சர்க்கிட் போர்டு செய்து வாங்கித் தருகிற தொழிலில், வருகிறவருக்கு வேண்டியது ஒரே ஒரு போர்டு. ஃபேக்டரிக்காரர் அஞ்சுக்குக் குறைந்து பேசவே மாட்டார். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று தலையைச் சொறிகிறவன் நான். ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மோட்டார் ஸ்டார்ட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பொழுதுபோக்குக்கு எலெக்ட்ரானிக்ஸ் செய்து, விரலைச் சுட்டுக்கொண்டு, வீட்டில் திட்டும் வாங்கிக்கொள்கிற புண்ணியவான்களின் டிசைனை வாங்கி, ஃபேக்டரிக்கு அனுப்பி, பச்சைப் போர்டாக வரவழைத்துக் கொடுப்பது உபதொழில். நீங்களும் அந்தக் கூட்டம்தான் என்றால் மேலே படியுங்கள், ஆறுதலாவது கிடைக்கும்.

ஒரு கிணறு, அஞ்சு போர்டு

சேத்தூர் வேலுச்சாமி அண்ணாச்சி பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் இருந்து ரிடையர் ஆனவர். வயல் இருக்கிறது, கிணறு இருக்கிறது. மும்முனைக் கரண்டு எப்போது வரும் என்பது கடவுளுக்கே வெளிச்சம். வந்ததும் வரப்பில் ஓடிப்போய் மோட்டாரைப் போட வேண்டும். அப்படி ஓடி வழுக்கி விழுந்ததில் முழங்கால் போய்விட்டது. மெட்ராஸில் போலீஸாக இருக்கிற மகன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். ஊர் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு அவன் லீவில் வரும்போது, அப்பா வரப்பில் நடக்காமலே மோட்டார் ஓட வேண்டும். இல்லையென்றால் வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அவனோடு கிளம்ப வேண்டும். அண்ணாச்சிக்கு மெட்ராஸ் போலீஸ் குவார்ட்டர்ஸ் என்று சொன்னாலே மூச்சு முட்டும்.

கடையில் விற்கிற ஆட்டோ ஸ்டார்ட்டரை வாங்கி மாட்டிவிடலாமே என்றேன். அவரைக் கைநாட்டு என்று நான் சொல்லிவிட்ட மாதிரி முறைத்தார். கரண்டு வந்தால் கிணற்றில் தண்ணீர் கிடக்கிறதா என்று பார்த்து, மோட்டாரைப் போட்டு, செல்லுக்கு மெசேஜும் அனுப்புகிற சர்க்கிட்டை அவரே வரைந்து வைத்திருந்தார். சரி, ஒன்று கேட்டாலும் அஞ்சுதான் வரும், காசும் அஞ்சுக்குத்தான் என்று விளக்கினேன். அண்ணாச்சி சொன்னார்: "தம்பி, எனக்கு இருக்கிறது ஒரே ஒரு கிணறு. அஞ்சு போர்டை வாங்கி வச்சுக்கிட்டு, இன்னும் நாலு கிணறு வெட்டவா?"

ஆட்டுக்கறி கணக்கு

அஞ்சைக் குறைக்க முடியாது; செலவைக் குறைக்கலாம். தீபாவளிக்கு நாலு வீடு சேர்ந்து ஒரு ஆடு பிடித்துக் கூறு போடுகிறோமே, அதே கணக்குதான். ஃபேக்டரியில் பேனல் என்கிற உள்ளங்கை அகலத் தகட்டுக்கு, உள்ளே எத்தனை டிசைன் இருந்தாலும் ஒரே விலை. அதற்குள் மூன்று பேர் டிசைனை நெருக்கி அடுக்கிவிட்டால் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. அறுத்துப் பிரிப்பது நம் பாடு.

அண்ணாச்சிக்குக் கூட்டாளியாக ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா போடுகிற கண்ணனைப் பிடித்தேன். அவர் ஏற்கெனவே ஒரு தடவை, பால் பொங்குமுன் கத்துகிற அலாரத்துக்குத் தனியாகப் போர்டு அடித்துக் கையைச் சுட்டுக்கொண்டவர். மிஞ்சின நாலு போர்டிலும் அலாரம் செய்து, சொந்தக்காரர் கல்யாணங்களில் பரிசாகக் கொடுத்துத் தீர்த்தார். இப்போது அதையே சின்னதாக்கி மறுபடி அடிக்கப் போகிறார் என்றதும் அவர் சம்சாரம் எனக்கே போன் போட்டது: "அண்ணே, மொய் செஞ்சா அன்னைக்கோட முடிஞ்சிரும். இதைக் குடுத்துட்டு, பேட்டரி போயிருச்சு, ஒயரு அந்துருச்சுன்னு வாரவுகளுக்கெல்லாம் காப்பி போட்டே நான் ஓஞ்சு போனேன்."

வாய்தா

மூன்றாவது கூறு அதே ஊர் மடவார் வளாகம் சங்கரன் சாருக்கு. கோர்ட் வாசலில் மனு டைப் அடிக்கிறவர். சொந்தமாக ஒரு கடிகாரம் செய்ய ஆசை. ஆசை என்ன ஆசை, பைத்தியம். இன்று டிசைன் தருகிறேன் என்பார். நாளைக்கு ஒரு ஓட்டையை அரை மில்லி தள்ள வேண்டும் என்பார். அதற்கடுத்த நாள் எழுத்து சாய்ந்திருக்கிறது, நேராக்க வேண்டும் என்பார். ஒருத்தர் டிசைன் வராவிட்டால் பேனலே கிளம்பாது. கூட்டுச் சேர்ந்து போர்டு அடித்தவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் தெரியும்.

பங்குனி பிறந்துவிட்டது. வயலைக் குத்தகைக்குக் கேட்டு அண்ணாச்சி வீட்டுக்கு இரண்டு பேர் வந்து போயும் விட்டார்கள். அதற்குமேல் அவருக்குப் பொறுக்கவில்லை. பஸ் ஏறி நேராக கோர்ட் வாசலுக்கே போய், மனு எழுத வந்த கட்சிக்காரர்கள் முன்னால் நின்று கேட்டிருக்கிறார்: "நீரு கோர்ட்டு வாசல்ல இருக்கீரு, சரி. அதுக்காக என் கிணத்துக்கும் வாய்தா வாங்குவீரா?"

அன்று சாயங்காலமே டிசைன் வந்துவிட்டது.

திருப்பி வைத்த கார்பன்

பேனல் அஞ்சும் வந்தன. ஆக்ஸா பிளேடால் நானே அறுத்தேன். அந்தக் கண்ணாடி நார்த் தூசி கையில் பட்டால் வைக்கோல் சுணை தோற்றுப்போகும். சொறிந்துகொண்டே மூன்று பேரையும் கூப்பிட்டேன். கண்ணனுக்குச் சரி. சங்கரன் சாருக்கும் சரி. அண்ணாச்சி போர்டில் பல கால் வைத்த ஐசி சில்லை வைத்தால் கால்கள் ஓட்டையில் இறங்குகின்றன, ஆனால் வலது பக்கம் போக வேண்டிய கால் எல்லாம் இடது பக்கம் நிற்கிறது. பட்டாளத்தில் காலமெல்லாம் ஈயம் வைக்கிற சால்டர் பக்கத்தைப் பார்த்தே ரிப்பேர் செய்து பழகியவர், போர்டை அடியிலிருந்து பார்க்கிற மாதிரியே வரைந்துவிட்டார். நானும் அப்படியே அனுப்பிவிட்டேன். அஞ்சு போர்டும் கண்ணாடியில் பார்த்த முகம் மாதிரி இடம் வலம் மாறிக் கிடந்தன.

மகன் வர இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. மறுபடி அடிக்க நேரமே கிடையாது. அண்ணாச்சி ஸ்டூலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. "முடிஞ்சுச்சு தம்பி, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்" என்றார். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

அவரிடம் கோர்ட் வாசலில் திட்டு வாங்கின சங்கரன் சார்தான் போர்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கவிழ்த்து வைத்தார். ஐசியை அடிப்பக்கத்திலிருந்து செருகினார். எல்லாக் காலும் அதனதன் இடத்தில் நின்றது. அச்சடித்த பெயர்கள்தான் கீழே போய்விட்டன, எது எங்கே என்று தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். போனால் போகட்டும். சங்கரன் சார் சொன்னார்: "கார்பன் பேப்பரைத் திருப்பி வச்சு டைப் அடிச்சா எழுத்து முதுகுல விழும். அதுக்காகத் தாளைக் கிழிச்சா போடுவோம்? திருப்பிப் பிடிச்சுப் படிச்சுக்கிட வேண்டியதுதான்."

மகன் வந்தான்

பொங்கலன்று அண்ணாச்சி என்னையும் சேத்தூருக்கு வரச் சொல்லியிருந்தார். வாசலில் சேர் போட்டு அப்பாவும் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். பத்து மணி வாக்கில் கரண்டு வந்தது. யாரும் அசையவில்லை. அண்ணாச்சியின் செல் 'கிணுங்' என்றது, அந்தப் பக்கம் வயலில் மோட்டார் உறுமியது. மகன் போய்ப் பார்த்தான். வாய்க்கால் நிறையத் தண்ணீர். அண்ணாச்சி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். ஜெயித்தாச்சு என்று நானும் நினைத்தேன்.

மகன் திரும்பி வந்து அப்பா கையைப் பிடித்துக்கொண்டான். நிஜமாகவே சந்தோஷப்பட்டான், அதில் குறை சொல்ல முடியாது. பிறகு சொன்னான்: "சூப்பர்ப்பா. மோட்டாரு தானா ஓடுது, செல்லுக்குத் தகவலும் வருது. இனி நீங்க இங்க இருக்கணும்னே இல்ல. கிளம்புங்க, மெட்ராஸ்ல இருந்தே பாத்துக்கிடலாம்."

வெள்ளாமை முடியட்டும், சித்திரையில் வருகிறேன் என்று சொல்லி அண்ணாச்சி அவனை அனுப்பிவைத்தார். மறுநாள் நான் கடை திறக்குமுன்பே வந்து நின்றார். "ஓடலைன்னாலும் போகணும், ஓடுனாலும் போகணும்னா எப்படிய்யா?" என்று கேட்டார். பழைய ஸ்டார்ட்டரையே மாட்டிவிடுங்களேன் என்றேன். அதற்கு வரப்பில் நடக்க வேண்டும், மகன் விட மாட்டான் என்றார். பொறவு குரலைத் தாழ்த்தினார்: "அடுத்த பேனல்ல எனக்கு ஒரு கூறு வையி. வீட்டு வாசல்ல ஒரு பட்டன் வரணும். நான் இங்க உக்காந்து அமுக்குனாத்தான் மோட்டாரு ஓடணும். மெட்ராஸ்ல இருந்து எவன் அமுக்குனாலும் ஓடக்கூடாது."

இந்தத் தொழிலில் எதையும் மலிவாகச் செய்து கொடுத்துவிடலாம், ஒழுங்காக ஓடுகிற போர்டை ஓடாமல் நிறுத்தி வைப்பதைத் தவிர.